சிறுவர் கதையில் தன் கதையைச் சொன்ன ஓவியர் பூபேன் கக்கர்

தந்தையும் மகனும் கழுதையுடன் சந்தைக்குச் செல்லும் கதையைக் கேளாத குழந்தைகள் அரிது. வழியில் கண்டோர் சொல்லுக்கெல்லாம் இணங்கி, இறுதியில் கழுதையையே இழக்கும் அக்கதையைக் கொண்டு, தாம் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை உலகுக்கு உணர்த்தியவர் நவீன இந்திய ஓவியர் பூபேன் கக்கர்.

1934 மார்ச் 10-ஆம் தேதி மும்பையில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்த கக்கர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். வணிகவியல் பயின்று பட்டயக் கணக்காளரானார். எனினும் மனம் ஓவியத்தையே நாடியது. ஓவியர் குலாம் முகமது ஷேக்கின் ஊக்கத்தால் 1962-ல் பரோடாவுக்குக் குடிபெயர்ந்து, மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் கலை விமர்சனம் பயின்றார். தூரிகையைப் பெரும்பாலும் தாமே பழகினார். பகுதிநேரக் கணக்கராகவும் பணியாற்றினார்.

தெய்வங்களையும் மன்னர்களையும் விடுத்து, தையற்காரர், முடிதிருத்துநர், கடிகாரம் பழுதுபார்ப்பவர் எனக் கடைவீதி மனிதர்களை அவர் வரைந்தார். 1972-ல் வரைந்த 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' அவ்வகையில் புகழ்பெற்றது. குஜராத்தியில் சிறுகதைகளும் நாடகமும் எழுதினார்.

ஆயினும் தம் அந்தரங்கத்தை நெடுங்காலம் மறைத்தே வாழ்ந்தார். தன்பாலின உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு குற்றமாகக் கருதிய காலம் அது. 47-ஆம் வயதில், 1981-ல், 'எல்லோரையும் திருப்திப்படுத்த இயலாது' என்ற பொருள்படும் தலைப்பில் ஓர் ஓவியத்தைத் தீட்டினார். அதில், மாடத்தில் ஆடையின்றி நிற்கும் ஒருவர், கீழே தந்தையும் மகனும் கழுதையுடன் செல்வதைக் காண்கிறார். ஊர் வாய்க்கு அஞ்சி வாழப்போவதில்லை என்ற அவரது முடிவை அக்காட்சி உணர்த்தியது. மறு ஆண்டே, இரு ஆடவரின் காதலை 'பெனாரஸில் இரு ஆண்கள்' ஓவியத்தில் வெளிப்படையாகவே சித்தரித்தார்.

1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இறுதி ஆண்டுகளில் புற்றுநோயால் வாடியபோதும், நோயுற்ற உடலையே கருப்பொருளாக்கி வரைந்தார். 2003 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலமானார்.

2016-ல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகம், 1981-ஆம் ஆண்டு ஓவியத்தின் பெயரிலேயே அவரது படைப்புகளைக் காட்சிப்படுத்தியது. வயதுவந்தோர் மனமொத்து ஈடுபடும் தன்பாலின உறவு குற்றமல்ல என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி. கக்கர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின்னர்.