ஆறுமுக நாவலர்

ஆறுமுக நாவலர் (டிசம்பர் 18, 1822 - டிசம்பர் 5, 1879) யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த தமிழறிஞர், பதிப்பாசிரியர், சைவ சமயப் பணியாளர். தமிழ் உரைநடை வளர்ச்சியில் முதன்மையான இடம் பெற்றவர். சிறுவர் படிப்படியாக வாசிக்கப் பழகுவதற்காகப் பாலபாடம் என்னும் பாடநூல் வரிசையையும், செய்யுளின் துணையின்றி இலக்கணம் கற்பதற்காக இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை ஆகிய நூல்களையும் எழுதினார்.

பிறப்பும் கல்வியும்

கந்தப்பிள்ளை, சிவகாமி ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் ஆறுமுகம். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். தந்தை எழுதி முடிக்காமல் விட்டுச்சென்ற நாடகம் ஒன்றைச் சிறுவனான இவரே பாடி முடித்தார் என்று இவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். சரவணமுத்துப் புலவரிடமும், அவருடைய ஆசிரியரான சேனாதிராச முதலியாரிடமும் இலக்கிய இலக்கணங்களைக் கற்றார். ஆங்கிலத்தை யாழ்ப்பாணம் மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையில் கற்றார். அப்பாடசாலையே பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றது.

படிப்பு முடிந்ததும் ஏறக்குறைய இருபது வயதில் அங்கேயே ஆசிரியரானார். பாடசாலையை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்க்க முனைந்தபோது இவரே அவருக்குத் துணையாக இருந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சில் வெளிவந்தது. நீண்டதொரு நூலைச் செய்யுளில் அல்லாமல் வசனத்தில், யாவரும் விளங்கிக்கொள்ளும் வகையில் எழுதும் பயிற்சி நாவலருக்கு இங்குதான் கிடைத்தது எனலாம். சைவத்துக்காகப் பாதிரிமாரை எதிர்த்து நின்றவர் தம் முக்கியமான கருவியை அவர்களுடைய பணியறையிலேயே தீட்டிக்கொண்டார் என்பது இவரது வரலாற்றின் சுவையான பகுதிகளுள் ஒன்று.

அக்காலத்து இலக்கணக் கல்வி

அக்காலத்தில் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுத்தெழுதிப் பழகி, பின் ஓலைக்கு மாறினர். ஏட்டுச் சுவடிகளில் சொற்களுக்கிடையே இடம் விடப்படுவதில்லை; மெய்யெழுத்துக்களுக்குப் புள்ளி இடுவதும் அரிது; எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியா. ஆதலால் ஒரு வரியைச் சரியாகப் பிரித்து வாசிப்பதற்கே இலக்கண அறிவு வேண்டியிருந்தது. அந்த இலக்கணமோ பவணந்தி முனிவர் 13 ஆம் நூற்றாண்டில் செய்த நன்னூலில் 462 சூத்திரங்களாக இருந்தது. மாணாக்கர் முதலில் சூத்திரத்தை மனப்பாடம் செய்தனர். பொருள் விளங்குவது ஆசிரியரின் திறமையையும் மாணாக்கரின் பொறுமையையும் பொறுத்தது. பலர் பொருள் விளங்கும் நிலையை எட்டுமுன்பே படிப்பை விட்டு நீங்கினர்.

மறுபுறம் மிஷன் பாடசாலைகள் வகுப்பு முறையிலும் அச்சுப் புத்தகங்களைக் கொண்டும் கற்பித்தன. அமெரிக்க மிஷன் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியது. 1834 முதல் மானிப்பாயில் அதன் அச்சுக்கூடம் இயங்கியது. அங்கே கல்வியும் கிறித்தவ சமயமும் ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. பிள்ளைக்கு நல்ல கல்வி வேண்டும் என்று விரும்பிய சைவப் பெற்றோருக்கு வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. குறை கூறுவதோடு நில்லாமல் அதே வகுப்பு முறையையும் அச்சையும் தாமே கைக்கொள்ள வேண்டும் என்பது நாவலரின் முடிவு.

வித்தியாசாலையும் அச்சகமும்

1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டில் மெதடிஸ்த பாடசாலை வேலையை விட்டார். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகப் பெர்சிவல் கூறியும் இவர் இசையவில்லை என்பர். திருமணம் செய்துகொள்ளவில்லை.

பாடசாலை தொடங்கியதும் முதலில் எழுந்த இடர், வகுப்புக்கு ஏற்ற புத்தகங்கள் இல்லாமையே. 1849 இல் அச்சியந்திரம் வாங்கும் பொருட்டுத் தமிழகம் சென்றார். அப்பயணத்தின்போது திருவாவடுதுறை ஆதீனத்தில் இவருக்கு நாவலர் என்னும் பட்டம் வழங்கப்பட்டது. வாங்கிவந்த யந்திரத்தைக் கொண்டு வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அச்சகத்தை அமைத்தார். பின்னாளில் சென்னையிலும் அச்சகம் நடத்தினார்.

பாலபாடம்

இந்த அச்சகத்தின் தொடக்ககால வெளியீடுகளுள் பாலபாடத்தின் முதலிரு புத்தகங்கள் அடங்கும். இவை 1850 - 51 காலப்பகுதியில் வெளிவந்தன. பிற்காலத்தில் இவ்வரிசை நான்கு புத்தகங்களாக வழங்கியது.

முதற் புத்தகம் எழுத்தில் தொடங்கி, சிறு சொற்கள், பின் சில சொற்களே கொண்ட குறும்வாக்கியங்கள் என்று மேலேறுகிறது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்து நின்று பொருள் தருவது. பிள்ளை மூச்சு விடாமல் வாசித்து முடிக்கக் கூடியது. அடுத்த புத்தகங்களில் வாக்கியங்கள் நீள்கின்றன. ஒன்றோடொன்று தொடர்ந்து ஒரு பொருளைப் பற்றியனவாகின்றன. நான்காம் புத்தகம் களவு, பொய், கோபம், கல்வி, செய்ந்நன்றியறிதல் முதலிய தலைப்புக்களில் அமைந்த கட்டுரைகளைக் கொண்டது. ஒரு பாடம் ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறது, அதனால் வரும் நன்மை தீமைகளைக் காரணத்தோடு கூறுகிறது, முடிந்ததும் நின்றுவிடுகிறது. கட்டுரை எழுதுவது எப்படி என்று தனியே விதி கூறாமலே, பத்தி ஒன்று எவ்வாறு கட்டப்படுகிறது என்பதை மாணாக்கர் கண்ணால் கண்டு பழகினர்.

பாடங்களின் பொருள் பெரும்பாலும் சைவமும் நீதியுமே. இன்றைய சிறுவர் பாடநூல்களில் உள்ள விளையாட்டும் சிரிப்பும் இவற்றில் காணக் கிடைப்பது அரிது.

இலக்கண நூல்கள்

நன்னூல் விருத்தியுரையை நாவலர் 1851 இல் பதிப்பித்தார். நன்னூலுக்குக் காண்டிகையுரையும் எழுதினார். இவை முறையாகத் தமிழ் கற்போருக்கு உரியவை. தொடக்க நிலையினருக்காக எழுதியது இலக்கணச் சுருக்கம். இது எழுத்ததிகாரம், சொல்லதிகாரம், தொடர்மொழியதிகாரம் என மூன்று பகுதிகளை உடையது. நன்னூலின் சூத்திரங்கள் இதில் இல்லை. விதி ஒன்று ஓரிரு வாக்கியங்களில் எண்ணிட்டுக் கூறப்படும். உடனே உதாரணம் வரும். பகுதியின் முடிவில் மாணாக்கரைச் சோதிக்கும் வினாக்கள் இருக்கும்.

எடுத்துக்காட்டாக, மகர ஈற்றுச் சொல் வேறொரு சொல்லோடு புணரும் முறையைப் பழைய வழியில் அறிய, முதலில் சூத்திரத்தை உருப்போட்டு, பின் பதம் பிரித்து, அதன்பின் உரை கேட்க வேண்டும். நேரே வசனத்தில் விதியைப் படித்து, மரம் என்பதும் வேர் என்பதும் சேர்ந்து மரவேர் ஆவதையும், மரம் என்பதும் கிளை என்பதும் சேர்ந்து மரக்கிளை ஆவதையும் அருகருகே காணும் பிள்ளைக்கு மூன்று படிகள் ஒன்றாகச் சுருங்கிவிடுகின்றன.

மூன்றாம் பகுதியான தொடர்மொழியதிகாரம் சொற்கள் தொடராகும் முறையைக் கூறுவது. எழுவாயும் பயனிலையும் திணை, பால், எண், இடங்களில் ஒத்து வருதல் வாக்கியம் எழுதுவோருக்கு இன்றியமையாதது. அவர்கள் வந்தான் என்று எழுதுவது ஏன் பிழை என்பதை அறியாத மாணாக்கர் ஒரு பத்தியைப் பிழையின்றி எழுதுதல் இயலாது. நூலை எழுத்தோடும் சொல்லோடும் நிறுத்தாமல் இதற்கென ஓர் அதிகாரம் வகுத்தமை, எழுதப் பழகுவோரையும் நாவலர் கருத்தில் கொண்டிருந்தார் என்பதைக் காட்டுகிறது. இலக்கண வினாவிடை அதே செய்திகளை இன்னும் எளிதாக, கேள்வியும் பதிலுமாகத் தருவது. வினாவிடை முறை மிஷன் பாடசாலைகளில் சமயம் கற்பிக்கப் பயன்பட்டது. நாவலர் அதனைச் சைவ வினாவிடையிலும் கையாண்டார்.

உரைநடையும் குறியீடுகளும்

பெரியபுராணத்தை 1852 இல் வசனமாக வெளியிட்டார். கந்தபுராணம், திருவிளையாடற்புராணம் ஆகியவற்றையும் வசனமாக்கினார். காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி முதலிய குறியீடுகள் ஏற்கனவே மிஷன் வெளியீடுகளில் இடம்பெற்றிருந்தன. மரபுவழித் தமிழ்ப் புலவருள் அவற்றை ஒழுங்காகக் கையாண்டு நிலைபெறச் செய்தவர் நாவலரே. கடினமான சந்திகளைப் பிரித்து அச்சிட்டமையும் புதிய வாசகருக்கு உதவியது. எனினும் இவரது நடையில் வடசொற்கள் மிகுதி; இன்றைய மாணவர் அகராதியின்றி வாசிப்பது சில இடங்களில் கடினம்.

பிற்காலம்

1864 இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை ஒன்றை நிறுவினார். 1872 இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பணமின்மையால் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. தமிழ்ப் பாடசாலையும் நீண்டகாலம் அரச உதவியின்றி நன்கொடையைக் கொண்டே நடந்தது. 1876 - 77 இல் யாழ்ப்பாணத்தில் உணவுத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். 1879 டிசம்பர் 5 அன்று காலமானார்.

விமர்சனங்கள்

இராமலிங்க அடிகளின் பாடல்களைத் திருமுறைகளுக்கு இணையாக அருட்பா என வழங்குவதை நாவலர் கடுமையாக எதிர்த்தார். இந்தப் பிணக்கு 1869 இல் நீதிமன்றம் வரை சென்றது. சாதிப் படிநிலையை அவர் ஏற்றுக்கொண்டதும், அது அவருடைய எழுத்துக்களில் வெளிப்படுவதும் பின்வந்த ஆய்வாளர்களால் கண்டிக்கப்பட்டுள்ளன. பாடநூல் எழுதியவர் என்ற வகையில் இக்கண்டனம் கூடுதல் கனமுடையது. ஏனெனில் அவற்றை வாசித்தோர் சிறுவர்.

நினைவு

இலங்கை அரசு 1971 இல் நாவலரின் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. பாலபாடமும் இலக்கணச் சுருக்கமும் அவரது மறைவுக்குப் பின்னரும் யாழ்ப்பாணத்திலும் தமிழகத்திலும் பல பதிப்புக்கள் கண்டன. இலக்கணச் சுருக்கம் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களுள் ஒன்றாகவும் கிடைக்கிறது.