நம்பேயோ

நம்பேயோ (சுமார் 1859 – ஜூலை 20, 1942) ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஹோப்பி மக்களின் நிலப்பகுதியில் வாழ்ந்த மட்கலக் கலைஞர் ஆவார். ஏறக்குறைய வழக்கொழிந்திருந்த சிக்கியாட்கி மட்கல மரபுக்கு மீண்டும் உயிரூட்டியவராக இவர் அறியப்படுகிறார்.

பிறப்பும் குலமும்

முதல் மேசா எனப்படும் தட்டையுச்சிக் குன்றின்மேல் உள்ள மூன்று சிற்றூர்களுள் ஒன்றான ஹானோவில் நம்பேயோ பிறந்தார். ஹானோ மக்கள் தேவா மொழி பேசுவோர். 1700ஆம் ஆண்டையொட்டி ரியோ கிராண்டே ஆற்றுப் பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள். இவரது தாய் ஹானோவின் மக்காச்சோளக் குலத்தவர். தந்தை அண்டை ஊரான வால்பியின் பாம்புக் குலத்தவர். இம்மக்களிடையே தாயின் குலமே பிள்ளைகளின் குலமாகும். எனினும் பெயரை இட்டவர் தந்தைவழிப் பாட்டி. கடிக்காத பாம்பு என்பது அதன் பொருள். மட்கலம் வனையக் கற்றுக்கொடுத்தவரும் அப்பாட்டியே. 1875இல் வில்லியம் ஹென்றி ஜாக்சன் இவரை ஒளிப்படம் எடுத்தார்.

சிக்கியாட்கி

முதல் மேசாவின் அடிவாரத்தில், ஐரோப்பியர் வருகைக்கு முன்பே கைவிடப்பட்ட சிக்கியாட்கி என்னும் ஊரின் இடிபாடுகள் உள்ளன. அங்கே மஞ்சள் நிற மட்கலங்களும் ஓடுகளும் கிடைத்தன. 1895இல் ஜெசி வால்டர் ஃபியூக்ஸ் அவ்விடத்தை அகழ்ந்து, இறந்தோருடன் புதைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான கலங்களை எடுத்துச் சென்றார். நம்பேயோவின் கணவர் லெசோ அவ்வகழாய்வில் கூலியாளாக இருந்ததாகவும், அதன் வழியாகவே நம்பேயோ பழைய கோலங்களைக் கண்டதாகவும் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. இக்கூற்று முழுமையானதன்று. ஓடுகள் அதற்கு முன்பே நிலத்தின் மேற்பரப்பில் சிதறிக் கிடந்தன. தாமஸ் கீம் என்னும் வணிகர் பழங்காலக் கலங்களுக்குச் சந்தை தேடியிருந்தார். நம்பேயோவும் 1895க்கு முன்னரே பழைய வடிவங்களைக் கையாண்டு வந்தார் எனப் பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஒரு பெண்ணின் பல்லாண்டு உழைப்பு அகழாய்வாளர் ஒருவரின் கணக்கில் எழுதப்பட்டதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அவர் பழையவற்றைப் படியெடுப்பதோடு நின்றுவிடவில்லை. பரந்த தோளும் தாழ்ந்த உருவும் கொண்ட சாடிகளில், கழுகின் வால் இறகுகளையும் நெருக்கமான மெல்லிய கோடுகளையும் தம் விருப்பப்படி அமைத்தார். அக்கோடுகள் குலங்களின் இடப்பெயர்வைக் குறிப்பன என்பர். இறகும் மழை மேகமும் ஹோப்பி வழிபாட்டில் இடம்பெறுபவை. ஆயினும் கோலங்களுக்கு வணிகர்கள் சொல்லிய பொருள் அனைத்தையும் நம்புவதற்கில்லை.

செய்முறை

சக்கரம் பயன்படுத்தப்படுவதில்லை. களிமண் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்பி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, யக்கா இலை நாரால் ஆன தூரிகையால் வரைவர். பின்னர் ஆட்டுப் புழுக்கையை மூட்டித் திறந்த வெளியில் சுடுவர்.

புகழும் பார்வையிழப்பும்

1898, 1910 ஆகிய ஆண்டுகளில் சிகாகோவிலும், 1905, 1907 ஆகிய ஆண்டுகளில் கிராண்ட் கேன்யனில் இருந்த ஹோப்பி இல்லத்திலும் மக்கள் முன் வனைந்து காட்டினார். எழுதப் படிக்க அறியாத அவர் தம் கலங்களில் கையொப்பம் இட்டதில்லை. ஆகவே இன்று எது அவருடையது, எது குடும்பத்தாருடையது என்று பிரித்தறிவது கடினம். டிரக்கோமா என்னும் கண்நோயால் அவரது பார்வை படிப்படியாக மங்கி, 1920 அளவில் ஏறத்தாழ முற்றும் போயிற்று. அதன் பிறகும் விரல்களின் உணர்வைக் கொண்டே கலங்களை வனைந்தார். வண்ணம் தீட்டியவர்கள் லெசோவும் ஆனி, நெல்லி, ஃபானி ஆகிய மகள்களும் ஆவர்.

வழித்தோன்றல்கள்

ஃபானியின் மகன் டாம் போலாக்கா (1935–2003) தீட்டுவதை விடுத்துக் களிமண்ணில் செதுக்கும் முறையைக் கைக்கொண்டார். மழையைக் கொணர்வோராக ஹோப்பியர் கருதும் கச்சினா ஆவிகளின் உருவங்கள் அவரது கலங்களில் புடைப்புச் சிற்பங்களாக எழுந்தன. பாட்டியின் மெல்லிய தூரிகைக் கோட்டிலிருந்து இது வெகுதொலைவு. வனையும் முறையில் மாற்றமில்லை. அவருடைய மக்கள் சிலரும் செதுக்கு வேலையைத் தொடர்ந்தனர்.