மீன்களுக்குக் குடிக்கணக்கு எடுத்தவர்

நார்வே நாட்டின் வடமேற்குக் கரையை அடுத்து லொபோட்டன் என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் தை முதல் சித்திரை வரையில், பாரென்ட்ஸ் கடலில் வாழும் காட் மீன்கள் பல நூறு கல் தொலைவு நீந்தி வந்து அங்கே முட்டையிடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை நம்பி ஆயிரக்கணக்கான மீனவர்கள் திறந்த படகுகளில் பனியிலும் புயலிலும் காத்துக் கிடந்தார்கள். மீன் வந்தால் கடன் அடையும். வராவிட்டால் வட்டி ஏறும். வராத ஆண்டுகளில் மீன் வேறு வழி போய்விட்டது என்றே மீனவரும் அறிஞரும் ஒருங்கே நம்பினர்.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் யோஹான் யோர்ட். 1869-இல் கிறிஸ்டியானியா நகரில், இன்றைய ஆஸ்லோவில், பிறந்தார். தந்தையார் கண் மருத்துவப் பேராசிரியர். மகனும் மருத்துவமே பயிலத் தொடங்கினார். ஆனால் மனம் விலங்கியலை நாடிற்று. மியூனிக்கில் 1892-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900-இல் மைக்கேல் சார்ஸ் என்னும் ஆராய்ச்சி நீராவிக் கப்பல் நீரில் இறங்கியது. ஹெலாண்ட்-ஹான்சன், நான்சன் முதலிய கடலியலாரோடு சேர்ந்து வடகடலை அளக்கும் பெரும்பணி அதில் தொடங்கிற்று. 1906-இல் யோர்ட் நார்வேயின் மீன்வள இயக்குநரானார்.

வெப்பமானியைக் கடலில் இறக்கினால் என்ன தெரியும்? லொபோட்டன் பகுதியில் மேலே கரையோரக் குளிர்நீர். கீழே அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர். காட் மீன்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள அடுக்கில், பெரும்பாலும் 4 முதல் 6 பாகை வெப்பத்தில், கூடி நிற்கின்றன. அவ்வடுக்கு ஆழமாய் இறங்கினால் மீனும் இறங்கும். மேலே போட்ட வலை வெறுமனே வரும். முட்டையிட்டு முடித்த மீன்கள் மறுபடி வடகிழக்கே இரை தேடிச் செல்கின்றன. பாரென்ட்ஸ் கடலில் அவற்றின் முக்கிய இரை கேப்பலின் என்னும் சிறுமீன். கடல் வெதுவெதுப்பான ஆண்டுகளில் காட் கூட்டம் கிழக்கும் வடக்கும் பரவுகிறது. குளிர்ந்த ஆண்டுகளில் மேற்கே ஒதுங்குகிறது. ஆக, மீனுக்கு வழி காட்டுவன வெப்பமும் இரையுமே. இதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் யோர்ட் கேட்ட கேள்வி வேறு. வழி இருக்கட்டும், வழியில் போக மீன் எத்தனை பிறந்தது?

இக்கேள்விக்கு விடை மீனின் செதிளில் இருந்தது. கோடையில் இரை மிகுதி, செதிள் அகலமாய் வளரும். குளிர்காலத்தில் வளர்ச்சி தடைப்பட்டு ஒரு வளையம் விழும். வளையங்களை எண்ணினால் வயது தெரியும். எய்னார் லேயா முதலிய உதவியாளரைக் கொண்டு ஆயிரமாயிரம் ஹெர்ரிங் மீன்களின் செதிள்களை ஆராய்ந்து, நாம் மக்களுக்குக் குடிக்கணக்கு எடுப்பதுபோல் அவர் மீன்களுக்கு எடுத்தார். கிடைத்த முடிவு வியப்புக்குரியது. 1904-இல் பிறந்த மீன்களே பல ஆண்டுகளின் பிடிப்பில் பாதிக்கும் மேலாக இருந்தன! அதற்கு முன்னும் பின்னும் பிறந்தவை சொற்பம். மீன் வழி மாறவில்லை. பல ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் பிழைக்கவே இல்லை.

செதிளை நம்பலாமா என்று ஸ்காட்லாந்தின் டார்சி தாம்சன் போன்ற பேரறிஞரே ஐயுற்றார். யோர்ட் பின்வாங்கவில்லை. 1914-இல் வெளியிட்ட தம் பெருநூலில் ஒருபடி மேலும் சென்றார். முட்டையின் கரு உணவு தீர்ந்ததும் குஞ்சு முதல் இரையைத் தேடும் அந்தச் சில நாட்களில் மிதவை உயிர்கள் கிடைக்க வேண்டும். நீரோட்டம் குஞ்சுகளை வாழத் தகாத இடத்துக்கு அடித்துச் செல்லாதிருக்கவும் வேண்டும். ஒரு தலைமுறையின் விதி அங்கேயே முடிவாகிறது என்பது அவர் கருத்து. அவர் வாணாளில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுவே. 1910-இல் சர் ஜான் மரேயுடன் அவர் நடத்திய புகழ்பெற்ற அட்லாண்டிக் பயணம்கூட எனக்கு இதற்கு அடுத்தபடிதான்.

முதல் உலகப் போரில் பிரிட்டனுடன் செய்த இரகசிய மீன் ஒப்பந்தம் பற்றி அரசுடன் மாறுபட்டு 1916-இல் பதவியைத் துறந்தார். 1921-இல் ஆஸ்லோவில் பேராசிரியரானார். பின்னாளில் திமிங்கில வேட்டைக்கு வரம்பு தேடினார். 1938 முதல், 1948-இல் மறையும்வரை, பன்னாட்டுக் கடலாராய்ச்சி மன்றத்தின் தலைவராக இருந்தார்.

முதல் இரை பற்றிய அவர் கருத்து இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. பாரென்ட்ஸ் கடலில் காட் மீனின் செழித்த தலைமுறைகள் பெரும்பாலும் வெப்பமான ஆண்டுகளில் பிறந்தவை என்று பின்வந்தோர் கண்டனர். வெப்பமான ஆண்டுகளிலும் மெலிந்த தலைமுறைகள் உண்டு என்பதையும் அவர்களே கண்டனர்.