காற்றை ஏவல் கொண்ட காலின் சாப்மன்

விமானத்தை மேலே தூக்குவது காற்று. அதே காற்றைக் கொண்டு ஒரு காரைத் தரையோடு அழுத்தி வைக்கவும் முடியும். பௌதிகப் பாடத்தில் நாம் இதைச் சில வரிகளில் படித்து, பரீட்சை எழுதி, மறந்துவிடுகிறோம். இதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவரைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காலின் சாப்மன் 1928-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்மண்டு என்னும் ஊரில் பிறந்தார். லண்டன் யூனிவர்சிடி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் பயின்றார். மாணவப் பருவத்திலேயே விமானம் ஓட்டவும் கற்றார். பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றைக் கொண்டு தமது முதல் போட்டிக் காரைச் செய்தார். பின்னர் மனைவியான ஹேசல் கொடுத்துதவிய 25 பவுனை முதலாகக் கொண்டு, 1952-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்.

பெரிய எஞ்சினுக்குப் பணமில்லாதவர் எடையையும் காற்றின் தடையையும் குறைத்தே வெல்ல வேண்டும். விமானத் தொழிலிலிருந்து வந்த பிராங்க் காஸ்டின், லோட்டஸ் கார்களுக்கு வழுவழுப்பான உடலமைப்பை வகுத்தார். அவ்வகையில் பிறந்த லோட்டஸ் லெவன் என்னும் சிறு கார், 1957-இல் லே மான் 24 மணிப் பந்தயத்தில் எஞ்சின் அளவுக்கேற்ற செயல்திறனுக்கான பரிசைப் பெற்றது. 1962-இல் குழாய்ச் சட்டத்தை நீக்கி, உலோகத் தகட்டுப் பெட்டியையே உடலாக்கினார் சாப்மன். அவருடைய கார்களில் ஜிம் கிளார்க் 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். அந்தக் கிளார்க் 1968-இல் ஹாக்கன்ஹைமில் லோட்டஸ் கார் ஓட்டியபோதே உயிர் துறந்தார்.

அமெரிக்காவின் ஜிம் ஹால் 1966-இலேயே தமது சப்பரல் காரின்மேல் உயரமான சிறகைப் பொருத்தியிருந்தார். விமானச் சிறகைத் தலைகீழாக வைத்தது போன்றது அது. காரைக் கீழே அழுத்தி, வளைவில் டயர் வழுக்காமல் காக்கும். சாப்மனும் 1968-இல் அவ்வழியே சென்றார். ஆனால் மெல்லிய கம்பிகளின்மேல் நின்ற சிறகுகள் 1969-இல் பார்சிலோனாவில் முறிந்தன. இரண்டு லோட்டஸ் கார்களும் ஒரே இடத்தில் நொறுங்கின. ஓட்டியவர்களுள் ஒருவரான யோஹன் ரிண்ட் காயமுற்றார். சிறகுகளை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார். உயர்ந்த சிறகுகள் உடனே தடை செய்யப்பட்டன. மறு ஆண்டில் ரிண்ட், மான்சாவில் பயிற்சியின்போது மாண்டார். பிரேக் தண்டு முறிந்ததே காரணம் என்று கருதப்பட்டது. அவ்வாண்டின் உலகப் பட்டம் இறந்தவருக்கே சென்றது.

சாப்மனின் பெருஞ்சாதனை அதன் பிறகே வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில் அவருடைய குழுவினர் ஒரு மாதிரிக் காரைச் சோதித்தபோது, அளவுகள் முன்னுக்குப் பின் முரணாக வந்தன. மாதிரியின் பக்கங்கள் தொய்ந்து தரையை நெருங்கியதே காரணம் என்று பீட்டர் ரைட் கண்டார். காருக்கும் தரைக்கும் இடையே உள்ள இடுக்கில் காற்று விரைகிறது. விரையும் காற்றின் அழுத்தம் குறைகிறது. கார் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. அளவு தவறிவிட்டது என்று குறிப்பேட்டை மூடியிருந்தால் இது வெளிப்பட்டிருக்காது. ஆய்வுக் கூடத்தில் நாள் கழிக்கும் நான் இதை அடிக்கடி எண்ணுவதுண்டு. 1978-இல் லோட்டஸ் 79 காரில் மாரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் பெற்றார்.

1982 டிசம்பரில், தமது 54-ஆம் வயதில், மாரடைப்பால் சாப்மன் காலமானார். 1983-இல் கார்களின் அடிப்புறம் தட்டையாக இருக்க வேண்டுமென்று விதி வந்தது. 2022-இல் அதே தத்துவம் பந்தயத்திற்குத் திரும்பியது.

அவருடைய அறிவை வியக்கிறேன். ஆனால் எந்த உறுப்பும் எவ்வளவு மெலியலாம் என்ற கணக்கில், அதை நம்பி உட்காருபவனின் உயிரும் சேர வேண்டும். நாளை பொறிகளை அமைக்கப் போகும் நாம் அவருடைய துணிவோடு இந்தக் கணக்கையும் கற்றுக்கொள்வோமாக.