அருணாசலனாரின் சிவத்தொண்டு

வெள்ளவத்தையில் என்னிடம் பாடங் கேட்கும் மாணாக்கரை, சேர் பொன்னம்பலம் அருணாசலம் யாரென்று வினவினால், இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்று உடனே விடை பகர்வர். இலக்கிய அன்பர்களோ, திருவாசகப் பாடல்களை ஆங்கிலத்தில் ஆக்கியவர் என்பர். இரண்டும் மெய்யே. ஆயினும் அவர் வாழ்வில் நான் பெரிதெனப் போற்றுவது வேறொன்று. தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த ஏழைத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை எதிர்த்து அவர் ஆற்றிய தொண்டே அது.

அருணாசலனார் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் 1857இல் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பியவர். தமையனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பின்னர் அதனைக் கருங்கற் கோயிலாகப் புதுக்கினார். இத்தகைய சைவக் குடியில் வளர்ந்த அருணாசலனார், கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரியிற் கற்று, 1875இல் போட்டித் தேர்வு வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் கடமை புரிந்தார். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தினார். நாட்டு மக்களின் நிலையை அவரைப்போல் நுணுகி அறிந்தோர் அந்நாளில் மிகச் சிலரே.

அக்காலத்துத் தோட்டத் தொழிலாளரின் நிலை என்ன? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதும் வேலைக்கு மறுப்பதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். உடன்படிக்கையை மீறிய வணிகனைக் குடியியல் வழக்கிலே நிறுத்திய அதே நாடு, தோட்டத் தொழிலாளியைச் சிறையிலே அடைத்தது. இதனோடு சேர்ந்தது துண்டு முறை. தொழிலாளியின் கடனைத் தீர்ப்பவரிடம் அவனை விடுவிப்பதாக எழுதித் தரும் சீட்டே துண்டு எனப்பட்டது. இதனால் அவன் கடனோடு கைமாறினான். தொழிலாளரை வரவழைக்கவும் முற்பணம் கொடுக்கவும் தாம் செலவிட்ட பொருளுக்குக் காப்பு வேண்டுமென்பது தோட்டத்துரைமாரின் வாதம். கொடுத்த கடனுக்காக மனிதனின் உடலைச் சிறைப்படுத்துவது எந்த அறநூலுக்கும் ஒவ்வாது.

1913இல் ஓய்வு பெற்ற அருணாசலனார் வீட்டில் அமைதியாக அமர்ந்துவிடவில்லை. 1915இல் ஏழைகளின் நலங் கருதி இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டிலேயே கலவரம் மூண்டு, இராணுவச் சட்டத்தின்கீழ்ச் சிங்களத் தலைவர்கள் சிறைப்பட்டபோது, தமையனார் இராமநாதன் சட்டசபையில் அவர்களுக்காக முழங்கினார். நீதி வேண்டி இலண்டனுக்குங் கப்பலேறினார். பிற இனத்தார்க்கு நேர்ந்த அநீதியையும் தமதாகக் கருதிய குடும்பம் அது.

1919இல், காங்கிரசு தோன்றுவதற்குச் சில திங்களுக்கு முன்னரே, தொழிலாளர் சேமநலச் சங்கம் உருவாயிற்று. அருணாசலனார் தலைவர்; மலையகத்தின் மைந்தர் பெரி. சுந்தரம் செயலாளர். தண்டனை விதிகளை ஒழிப்பதே சங்கத்தின் தலையாய கோரிக்கை. 1921இல் துண்டு முறை ஒழிந்தது; தொழிலாளரைச் சிறைக்கனுப்பும் விதிகளும் அதனையொட்டி நீங்கின. இந்திய அரசின் வற்புறுத்தலும் இதற்கு உதவியது எனினும், இந்நாட்டினுள்ளிருந்து எழுந்த குரல்களில் அவருடையது முதன்மையானது.

உயர்பதவியும் சேர் பட்டமும் பெற்ற ஒருவர் லயத்தில் வாழ்ந்தோருக்காக ஏன் உழைத்தார்? அவருடைய சைவமே அவரை அங்கு இட்டுச் சென்றது என்பது என் துணிபு. சமத்துவங் கோரிய ஆங்கில எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டருக்கு அவர் எழுதிய ஞானக் கடிதங்கள் 1927இல் நூலாயின. சிவனை எவ்வுயிரிலுங் காண்பவர், லயத்திற் காணத் தவறுவாரோ?

மேல்மாகாணத் தமிழர்க்கு உறுதியளிக்கப்பட்ட சட்டசபை இடம் மறுக்கப்படவே, 1921இல் அவர் காங்கிரசை விட்டு நீங்கினார். தலயாத்திரை சென்றவிடத்து 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் விடுவித்த தொழிலாளரின் வழித்தோன்றல்களை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. ஆதலின், ஆசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. அருணாசலனாரைக் காங்கிரசுத் தலைவர் என்று மட்டுங் கற்பித்து அமையாது, 1865ஆம் ஆண்டுச் சட்டத்தையும் துண்டுச் சீட்டையும் உடன் கற்பியுங்கள். அவர் யாருக்காக வாழ்ந்தார் என்பதை மாணாக்கர் அப்போதுதான் அறிவர்.