சிறைகளை எண்ணிப் பார்த்த மனிதர்

சிறைச்சாலைகள் நிரம்பி வழியும்போது புதிய கட்டடங்களைப் பற்றியே அரசாங்கங்கள் முதலில் சிந்திக்கின்றன. உள்ளே அடைபட்டிருப்பவர்கள் யார், அவர்களுள் எத்தனை பேர் அங்கு இருக்கவே வேண்டியவர்கள் ஆகிய கேள்விகள் பின்தள்ளப்பட்டுவிடுகின்றன. இக்கேள்விகளுக்கு விடை தேடிச் சிறை சிறையாக அலைந்தவர் 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேயரான ஜோன் ஹவார்ட்.

1726ஆம் ஆண்டளவில் லண்டனில் வசதி படைத்த வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹவார்ட், தந்தையின் மறைவுக்குப் பின்னர் பெருஞ்செல்வத்துக்கு உரியவரானார். 1755இல் லிஸ்பன் நகரைப் பூகம்பம் சிதைத்ததை அடுத்து அவர் போர்த்துக்கல் நோக்கிக் கப்பலேறினார். வழியில் அக்கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றினர். பிரெஸ்ட் துறைமுகத்தின் நிலவறையில் அடைக்கப்பட்ட அவர் பசியையும் தாகத்தையும் நேரில் அனுபவித்தார். பின்னர் பிரெஞ்சு அதிகாரி ஒருவருக்கு ஈடாக விடுவிக்கப்பட்டார். ஆயினும், சிறைகளை நோக்கி அவரது வாழ்க்கை திரும்புவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1773இல் பெட்போர்ட் மாவட்டத்தின் ஷெரிப்பாக அவர் நியமிக்கப்பட்டார். அப்பதவியை வகித்தவர்கள் சிறை மேற்பார்வையைப் பெரும்பாலும் கீழ் அதிகாரிகளிடம் விட்டுவிடுவது அக்கால வழக்கம். ஹவார்ட் தாமே சென்று பார்த்தார். நீதிமன்றம் நிரபராதிகள் என விடுவித்தவர்களும் அங்கே அடைபட்டிருந்தனர். சிறைக்காவலருக்குச் சம்பளம் இல்லை. கைதிகள் செலுத்தும் கட்டணமே அவரது வருமானம். கட்டணம் கட்ட வழியற்றவருக்கு விடுதலையும் இல்லை. காவலருக்குச் சம்பளம் வழங்குமாறு ஹவார்ட் கோரியபோது, வேறு மாவட்டங்களில் அதற்கு முன்னுதாரணம் உண்டா என நீதவான்கள் வினவினர். அதைத் தேடிப் புறப்பட்ட அவர் சென்ற இடமெல்லாம் அதே அநீதியையே கண்டார்.

1774இல் பாராளுமன்றத்தின் பொதுச்சபை அவரை அழைத்து விசாரித்து, நன்றியும் தெரிவித்தது. அதே ஆண்டில் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. விடுவிக்கப்பட்டவர்களிடம் கட்டணம் அறவிடப்படுவதை ஒன்று தடுத்தது. சுவர்களுக்கு வெள்ளையடித்தல், காற்றோட்டம், நோயாளர் அறை ஆகியவற்றை மற்றையது கட்டாயமாக்கியது. நெரிசலிலும் அழுக்கிலும் பரவிய சிறைக்காய்ச்சல், தூக்குமேடையைவிட அதிகமானோரைக் கொன்றுவருவதாக ஹவார்ட் கருதினார். இச்சட்டங்களின் பிரதிகளைத் தமது செலவில் அச்சிட்டு ஒவ்வொரு சிறைக்கும் அனுப்பினார். ஆனால் மீண்டும் சென்று பார்த்தபோது, பல சிறைகளில் சட்டம் காகிதத்திலேயே தங்கியிருந்தது.

ஆகவே அவர் பயணத்தை நிறுத்தவில்லை. சிறை நாற்றம் உடையில் ஊறிப்போயிருந்ததால் மூடிய வண்டியில் அமர முடியாமல் குதிரையிலேயே சென்றார். அறைகளின் அளவு, உணவின் நிறை, கைதிகளின் எண்ணிக்கை என அனைத்தையும் குறித்துக்கொண்டார். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளின் நிலை பற்றிய அவரது நூல் 1777இல் வெளியானது. அவர் கணக்கெடுத்த 4,084 கைதிகளில் 2,437 பேர் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதவர்கள். சிறைகளை நிரப்பியது குற்றத்தைவிட வறுமையே என்பதை இந்த எண்கள் புலப்படுத்தின.

இதற்கிடையில் அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்தமையால் கைதிகளை அங்கு நாடுகடத்தும் வழி அடைபட்டது. 1776 முதல் தேம்ஸ் நதியில் பழைய கப்பல்கள் மிதக்கும் சிறைகளாயின. அவற்றிலும் பலர் மாண்டனர். இதற்குத் தீர்வாக 1779இல் சீர்திருத்தச் சிறைகளுக்கான சட்டம் நிறைவேறியது. இரவில் தனியறை, பகலில் வேலை, போதிய உணவு என்ற ஹவார்டின் கருத்துகள் அதில் இடம்பெற்றன. சட்டத்தைச் செயற்படுத்த நியமிக்கப்பட்ட மூவரில் அவரும் ஒருவர். ஆனால் எந்த இடத்தில் கட்டுவது என்பதிலேயே மூவருக்கும் இணக்கம் ஏற்படவில்லை. 1781இல் ஹவார்ட் விலகினார். அச்சிறைகள் கட்டப்படவேயில்லை. 1787இல் கைதிகளை ஏற்றிய கப்பல்கள் அவுஸ்திரேலியா நோக்கிப் புறப்பட்டன.

தோல்வி அவரை முடக்கவில்லை. ஐரோப்பா முழுவதும் சிறைகளையும் தொற்றுநோய்த் தடுப்பு நிலையங்களையும் பார்வையிட்டார். தனிமைப்படுத்தலை நேரில் அறிவதற்காக, தொற்று அபாயமுள்ள கப்பலிலேயே வெனிஸுக்குச் சென்றார். அவர் பயணம் செய்த தூரம் 40,000 மைலுக்கும் அதிகம். எனினும் ஊராரின் துயருக்காக அலைந்தவரின் இல்லம் சிதைந்தது. தாயற்ற ஒரே மகன் மனநோயாளியாகி, 1799இல் காப்பகத்தில் இறந்தார். கடுமையான தந்தை என்ற விமர்சனம் ஹவார்டைத் தொடர்ந்தது.

1790 ஜனவரி 20ஆம் திகதி, இன்றைய உக்ரேனிலுள்ள கெர்சன் நகரில் காய்ச்சலால் அவர் காலமானார். உயிருடன் இருந்தபோது தமக்குச் சிலை எழுப்பும் முயற்சியைத் தடுத்தவர் அவர். ஆயினும் லண்டனின் சென் போல்ஸ் பேராலயத்தில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சிறைமுறையைப் பெற்ற எமது நாட்டுக்கு அவரது வாழ்க்கை அந்நியமானதன்று. 2020 நவம்பரில் நெரிசல் மிகுந்த மஹர சிறையில் வெடித்த அமைதியின்மையில் 11 கைதிகள் உயிரிழந்தனர். விளக்கமறியலில் நீண்டகாலம் காத்திருப்போரும், தண்டப்பணம் செலுத்த இயலாமல் உள்ளே செல்வோரும் எமது சிறைகளை நிரப்புகின்றனர். 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டமும், 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் எம்மிடம் உண்டு. அவை நடைமுறையில் எத்தனை பேரை வெளியே கொண்டுவந்துள்ளன என்பதைச் சிறை சிறையாகச் சென்று எண்ணிப் பார்ப்பதே ஹவார்ட் காட்டிய வழி. புதிய மதில்களுக்கு நிதி ஒதுக்குவதற்கு முன்னர் அரசாங்கம் அந்தக் கணக்கை எடுக்க வேண்டும்.