கலைக்களஞ்சியம் தொகுத்த தூரனார்

கொங்கு நாடு ஈன்ற பெருமக்களுள் பெ. தூரனார் என்னும் பெரியசாமித் தூரன் ஒருவர். இசைப்பாடல் ஆசிரியராக அவரை அறிந்தோர் பலர். பல்லோர் எழுத்தையும் செப்பனிட்டுப் பெருநூல் ஆக்கிய பதிப்பாசிரியராக அறிந்தோர் சிலரே. அப்பணியையே ஈண்டு நாம் சிறப்பாக நோக்குவோம்.

ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் 1908-ஆம் ஆண்டு இவர் தோன்றினார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயிலுங்காலை, 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டமை கண்டு உள்ளம் வெதும்பி, இறுதித் தேர்வை எழுதாது நீங்கினார். பின்னர் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள பெரியநாயக்கன்பாளையத்தில், அவிநாசிலிங்கனார் கண்ட இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் பல்லாண்டு பணியாற்றினார். பிழை கண்டவிடத்துப் பிள்ளையை வெறுக்காது, பிழையை மட்டும் களைவதன்றோ ஆசிரியர் கடன்! அப்பயிற்சி பின்னாளில் அவருக்குப் பெரிதும் உதவியிருத்தல் வேண்டும்.

1946-இல் அவிநாசிலிங்கனார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார். அவர்தம் முயற்சியால் எழுந்த தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழில் கலைக்களஞ்சியம் ஒன்று வெளியிடத் துணிந்தது. 1948-இல் தூரனார் அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார்.

அப்பணியின் அருமையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். கட்டுரை வரைந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். மருத்துவர், பொறியியலார், வானநூலார், புலவர் எனப் பல துறையினர். துறையறிவு மிக்கார் சிலர்க்குத் தமிழில் எழுதிப் பழக்கமில்லை. ஒரே பொருளை ஒருவர் ஒரு சொல்லாலும் மற்றொருவர் வேறு சொல்லாலும் குறித்தல் கூடும். திருத்தாது விட்டால் பிழை தலைமுறை தலைமுறையாக நிற்கும். கடிந்து திருத்தினாலோ அறிஞர் மனம் நோவர், நூலும் நின்றுபோகும். ஆதலின் பொருளைத் துறை வல்லாரிடமும், நடையைத் தமிழ் வல்லாரிடமும் ஒப்புவித்து, இருசாரார் கருத்தையும் இணைத்தல் இன்றியமையாததாயிற்று. இத்தகைய பணியில், திருத்தம் சொல்வோன் ஆளைச் சுட்டாது சொல்லைச் சுட்டுதல் வேண்டும். கேட்போனும் அதனை இகழ்ச்சியெனக் கொள்ளாது உதவியெனக் கொள்ளுதல் வேண்டும்.

முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. ஒன்பது தொகுதிகள் முற்றிய பின்னரும் பணி ஓயவில்லை; விடுபட்டவற்றையும் புதியனவற்றையும் சேர்த்துப் பத்தாம் தொகுதி 1968-இல் வெளியாயிற்று. தம் நூலிலும் குறையுண்டு என ஒப்புதலே அறிவுடைமை என்பதற்கு அத்தொகுதியே சான்று. அவ்வாண்டே அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. அதன்பின் சிறுவர்க்கெனவும் பத்துத் தொகுதிகள் தொகுத்தளித்து, 1987-இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம் கழகங்களிலும் மன்றங்களிலும் பலர் கூடிப் பணி செய்கின்றோம். குறை கூறுதல் எளிது. குறை கூறியும் நட்பைக் காத்துப் பணியை முடித்தல் அரிது. அவ்வரிய செயலை ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆற்றிய தூரனாரை நாமும் பின்பற்றுவோமாக.